ஜூலை 30இல் டயகமவுக்கு வாருங்கள்

கொழும்பில் உழைக்கும் மலையகத்துத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



புறக்கோட்டைப் புடவைக் கடைகளில், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளில், சலூன்களில், கட்டட வேலைத்தளங்களில், மாடிவீட்டு வாசல்களில், பிறர் வீட்டுச் சமையலறைகளில் நீங்கள் பரந்து கிடக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு 'அ' எழுதப் பழக்கியவள் நான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் பை நிறையச் சாமானோடு ஹட்டன் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவீர்கள். இந்த வருடம் இன்னொரு நாளும் வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாள் ஜூலை 30. வர வேண்டிய இடம் டயகம.

ஜூலை 30ஐ ஆட்கடத்தலுக்கு எதிரான உலக தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2013இல் அறிவித்தது. நமக்கு அந்தத் திகதி வேறு காரணத்தால் மறக்காது. 2021 ஜூலை 30ஆம் திகதி, டயகமவில் அடக்கம் செய்த ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் உடலை நீதவான் முன்னிலையில் திரும்பத் தோண்டி எடுத்து, இரண்டாவது பிரேதப் பரிசோதனைக்காகப் பேராதனைக்குக் கொண்டுபோனார்கள். பெற்ற வயிறு இரண்டாம் தடவையும் அந்தக் குழியின் பக்கத்தில் நிற்க வேண்டி வந்த நாள் அது.

2020இன் கடைசியில் கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளை. 2021 ஜூலை 3ஆம் திகதி உடம்பெல்லாம் தீக்காயத்தோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். 15ஆம் திகதி உயிர் போனது. தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்வியோடு, அதற்கு முன் அந்த உடம்பு என்ன பாடு பட்டிருந்தது என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போனது. அவளைக் கூட்டிப்போன தரகர் உட்படச் சிலர் கைதானார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று டவுனுக்கு டவுன் கொவிட் முகக்கவசத்தோடு பதாகை பிடித்து நின்றோம். அவள் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அதை இங்கே எழுதவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 2009 ஆகஸ்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமிகள் இருவர் கொழும்பில் வீட்டு வேலைக்கிருந்த இடத்தில் கால்வாய் ஒன்றில் பிணமாகக் கிடந்தார்கள். உங்களில் பலர் அப்போது பாலர் வகுப்பில் இருந்திருப்பீர்கள். அப்போதும் கோஷம் போட்டோம். அப்போதும் பெரியவர்கள் வந்தார்கள், மைக் பிடித்தார்கள், இனி ஒரு பிள்ளைக்கும் இப்படி நடக்க விடமாட்டோம் என்றார்கள்.

நம் ஊர்வலங்கள் எல்லாம் செத்த வீட்டுக்குப் பின்னால் போகிற ஊர்வலங்களாகவே இருக்கின்றன. ஒரு பிள்ளையைப் புதைத்த பிறகு தெருவுக்கு இறங்குகிறோம், முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதோடு கோபமும் முடிந்துபோகிறது. அடுத்த பிள்ளை சாகும்வரை காத்திருக்காமல், சாவு இல்லாத ஒரு நாளில் நடக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

ஏன் உங்களிடம் கேட்கிறேன்? தோட்டத்திலிருக்கிற தாய் தகப்பனுக்குக் கொழும்பு வீட்டின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. கொழும்பு வீட்டுக்காரருக்கு லயம் தெரியாது. இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். அந்த மாடிவீட்டில் விருந்தாளி போன பிறகு இரவு பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவுகிற பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குப்பைப் பையோடு கேட் வரைக்கும் வந்து, தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போகிற பிள்ளையை. நீங்கள் தமிழில் பேசினால் அவள் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறீர்கள். ஊர் எது என்று கேட்டால் பொகவந்தலாவை என்பாள், அக்கரபத்தனை என்பாள். உள்ளேயிருந்து குரல் வரும், போய்விடுவாள்.

அவள் அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதைத் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தரகர் என்றால் முன்பின் தெரியாத ஆள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தூரத்து அத்தை, பக்கத்து டிவிஷன் அண்ணன், முன்பு அதே வீட்டில் வேலை செய்துவிட்டு வந்த அக்கா. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் ஈரச் சாக்கை அவிழ்த்துப் போட்டு அடுப்பு மூட்டுகிற நேரம் பார்த்து வருவார்கள். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கும். "சின்னக் குடும்பம்தான் அண்ணி. ரெண்டு புள்ளைங்களப் பாத்துக்கிட்டு கூடமாட இருந்தாப் போதும். படிக்கவும் வைக்கிறோம்னு சொல்றாங்க. இங்கன இருந்து என்னாத்தப் பண்ணப்போவுது?" பிள்ளை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அன்றிரவே முடிவு ஆகிவிடாது. கடைக் கணக்கு முட்டி, தீபாவளி முற்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கத் தொடங்கி, மழையில் கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் மாதத்தில் முடிவாகும். தரகர் கொடுக்கிற முன்பணம் கடைக்காரரிடம் நேரே போகும். வீட்டுக்கு மிஞ்சுவது ஒரு போன் நம்பர். சுவரில் தொங்கும் கலண்டரின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். "புள்ள எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "கொழும்புலதான், ஏதோ பெரிய ரோட்டுப் பக்கமாம்" என்பாள் தாய். விலாசம் தெரியாது. கலண்டரில் இருப்பது தரகரின் நம்பர். வாரத்தில் ஒரு தடவை பிள்ளை பேசும்போது வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்பார். "நல்லாருக்கேம்மா" என்று சொல்லப் பழகிவிடும்.

ஆசிரியர்களுக்கு இது முதலில் தெரிவது வரவு இடாப்பில். இரண்டு நாள், ஒரு வாரம், பிறகு வரிசையாகப் பூச்சியம். கேட்டால் சுகமில்லை என்பார்கள், பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது என்பார்கள். வேறு பாடசாலையில் சேர்க்கிறவர்கள் விடுகைப் பத்திரம் கேட்டு வருவார்கள். இந்தப் பிள்ளைகளுக்காக யாரும் வருவதில்லை. 2020 மார்ச்சில் கொவிட் வந்து பாடசாலைகள் மூடியபோது இடாப்பும் மூடிக்கொண்டது. சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் வழி இருக்கவில்லை. டயகமப் பிள்ளை கொழும்புக்குப் போனது அந்தக் கொவிட் காலத்தில்தான். தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதுகூட அவள் போன பிறகு, 2021 மார்ச்சில். வருடக்கணக்காகக் கத்தி வாங்கிய ஆயிரம் அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்தபோது எனக்கு முதலில் வந்த பயம் இதுதான். வீடு போய், வேலை நின்று, பாடசாலை மண்டபத்தில் படுத்திருக்கும் குடும்பங்களைத் தேடி, நிவாரணத்துக்குப் பின்னாலேயே தரகரும் வருவாரே என்று.

நம் முன்னோர்களைக் கங்காணி கூட்டிவந்ததும் இதே மாதிரிதான். ஊரில் கடன் தீர்க்க முன்பணம், போகும் இடத்தைப் பற்றி இனிப்பான பேச்சு, வந்து சேர்ந்த பிறகு கணக்குப் புத்தகத்தில் கடன். அந்தக் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளையும் கடனையும் சேர்த்துக் கைமாற்றினார்கள். துண்டு முறை என்று பேர். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடைக்காரரிடம் நம் கடனைத் தீர்த்துவிட்டு நம் பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு இன்றைக்கு என்ன பேர்? காகிதம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி, தங்கச்சி, இனிச் சொல்வது கசப்பாக இருக்கும். உங்களில் சிலருடைய போன் வழியாகவும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். "முதலாளியம்மாவுக்கு வீட்டோடு இருக்க ஒரு பிள்ளை வேணுமாம், உங்க ஊர்ப்பக்கம் பாருங்களேன்" என்று கடையில் கேட்பார்கள். நீங்கள் உதவி என்று நினைத்து அம்மாவுக்குப் போன் போடுவீர்கள். கஷ்டப்பட்ட சித்தி வீட்டுக்கு ஒரு வழி கிடைக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். வேலை பேசிக்கொடுத்ததற்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கையில் வைப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் தரகர் ஆகிவிட்டீர்கள். அந்தப் பிள்ளையின் கையில் சூடு வைத்த செய்தி பிறகு வந்தால், பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் நீங்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று நம் ஆட்களுக்கு யாரும் தமிழில் உட்காரவைத்துச் சொல்லவில்லை. வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது நீண்ட காலம் 14ஆக இருந்தது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 16 ஆக்கியது. அதே வருடக் கடைசியில் வீட்டு வேலையும் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வந்தது, அதாவது 18 வயது முடியாத யாரையும் வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது. அதற்கும் முன்பே, 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் தனிக் குற்றமாகச் சேர்ந்திருந்தது. கட்டாய வேலைக்கோ அடிமை வேலைக்கோ பாலியல் சுரண்டலுக்கோ ஒரு பிள்ளையை ஆள் பிடிப்பதும், கூட்டிப்போவதும், வைத்துக்கொள்வதும் குற்றம். பிள்ளை சம்மதித்ததா இல்லையா என்பது கணக்கில் வராது. சிறை மூன்று வருடத்திலிருந்து இருபது வருடம் வரை. "அதுவே ஆசைப்பட்டுத்தான் வந்திச்சு" என்ற பேச்சு பொலிஸில் எடுபடக்கூடாது என்பதற்காகத்தான் சட்டத்தை அப்படி எழுதினார்கள். ஆனால் தோட்டத்தில் அந்தப் பேச்சு இன்னும் எடுபடுகிறது. "பெத்தவளே அனுப்பிட்டா, நமக்கென்ன" என்று லயத்துக்கு லயம் சொல்கிறார்கள்.

"நடந்து என்ன ஆகப்போகுது மிஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1998 ஜனவரியில் மணிலாவில் சிறுவர் உழைப்புக்கு எதிராக ஓர் உலக நடை தொடங்கியது. இந்தியாவின் சிறுவர் உரிமைச் செயற்பாட்டாளர் கைலாஷ் சத்தியார்த்தி முன்னின்று நடத்தினார். 103 நாடுகளைத் தொட்டு, ஜூனில் ஜெனீவாவில் முடிந்தது. செங்கல் சூளையிலும் கம்பளத் தறியிலும் கிடந்து மீண்ட பிள்ளைகளே சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டு மண்டபத்துக்குள் நடந்து போனார்கள். சிறுவர் உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடைசெய்யும் 182ஆம் சமவாயம் மறுவருடமே, 1999இல், ஒருமனதாக நிறைவேறியது. இலங்கை 2001இல் அதை ஏற்றது. 2020 ஆகஸ்டில் கடைசி உறுப்பு நாடும் ஏற்றதோடு, உலகத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்ட முதல் தொழிலாளர் சமவாயம் என்று அதற்குப் பேர் வந்தது. அதற்குச் சில மாதங்களில்தான் டயகமப் பிள்ளை கொழும்பு வீட்டுக்குள் போனாள்.

2017 செப்டம்பர் 11ஆம் திகதி அதே சத்தியார்த்தி கன்னியாகுமரியில் இன்னொரு பயணத்தைத் தொடங்கினார். சிறுவர் மீதான பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் எதிரான பாரத யாத்திரை. அக்டோபர் 16ஆம் திகதி டில்லியில் முடிந்தது. மறுவருடம் ஆட்கடத்தல் தடைச் சட்டமூலம் இந்திய மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. ஆகவே நடையால் எல்லாம் நடந்துவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஒரு சமவாயத்தைக் கொண்டுவர நடையால் முடிந்தது, ஒரு சட்டமூலத்தைக் காப்பாற்ற நடையால் முடியவில்லை.

நான் எதிர்பார்ப்பது கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ கேட்கிற சத்தத்தை இல்லை. லயத்து வாசலில் நிற்கிற ஒரு தாய்க்குக் கேட்க வேண்டும். அவளுடைய மகள் இப்போது எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பயம் இருக்கிறது, அதைவிட அதிகமாக வெட்கம் இருக்கிறது. பிள்ளையை விற்றுத் தின்றவள் என்று ஊர் சொல்லுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தில்தான் தரகர் பிழைக்கிறார். பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர நினைத்தாலும் யாரிடம் போய்க் கேட்பது? தோட்டத்துத் தலைவரிடம் சொன்னால், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேச்சாகும். பொலிஸுக்குப் போனால் முதல் கேள்வி, "நீதானே அனுப்பினாய்?" அவள் வாசலைக் கடந்து ஆயிரம் பேர் போனால், அதில் அவள் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுப் பையன் இருந்தால், "உங்க மேல குத்தமில்ல, புள்ளயக் கூட்டிட்டு வந்துருவோம்" என்று ஒருவர் நின்று சொன்னால், அந்தத் தாய் பேசுவாள். ஆசிரியர்கள் நாங்கள் சொன்னால் அது உபதேசம். கொழும்பைக் கண்டவர்கள் நீங்கள் சொன்னால் அது சாட்சி.

நடப்பதை நமக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2023இல், நம் முன்னோர் வந்த இருநூறாம் வருடத்தின் (மலையகம் 200) நினைவாக ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தோமே, உங்களில் சிலரும் அந்த நடையில் இருந்தீர்கள். நம் பாட்டன் பூட்டன் காடும் காலராவும் கடந்து வந்த அதே பாதை. வழியில் சிங்களக் கிராமத்தவர்களும் முஸ்லிம் ஊரவர்களும் தண்ணீர் கொடுத்தார்கள், கூட நடந்தார்கள். அந்த நடையின் கடைசியில் காணியும் வீடும் சம்பளமும் சமத்துவமும் கேட்டோம். அந்த உரிமைகளையெல்லாம் வாங்கி யாருக்குக் கொடுக்கப் போகிறோம்? பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாத சமூகத்துக்கு எத்தனை பேர்ச் காணி கிடைத்து என்ன பயன்?

நடக்கும் பாதையைப் பற்றி என் எண்ணம் இது. டயகமவில் தொடங்கி, அக்கரபத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு. பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் டவுனுக்கு இறங்கும் வீதி அதுதான். முழுத் தூரமும் எல்லாராலும் முடியாது. கிழவிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் தங்கள் தோட்டத்து எல்லை தொட்டு அடுத்த தோட்டத்து எல்லை வரைக்கும் வந்தால் போதும். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் மாற மாற, நடை நிற்காமல் போகும்.

இனி, அந்தப் பிள்ளையின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது. 2021இல் அவளுடைய படம் இல்லாத பதாகை இல்லை, பேஸ்புக் பக்கம் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்த வரிகளைக்கூட ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். உயிரோடு இருக்கும்போது யாரும் காப்பாற்றாத உடம்பைச் செத்த பிறகு ஊரெல்லாம் பார்க்கக் கொடுத்தோம். அவளைப் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் அதே வீதியில்தான் நடமாடுகிறார்கள். படம் வேண்டாம், பெயர் வேண்டாம். பதாகையில் 1929 என்று பெரிதாக எழுதுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, 24 மணி நேரமும் உண்டு, காசு போகாது, தமிழில் பேசலாம். 16, 18 என்ற இரண்டு வயதையும் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இலக்கம் தெரியும்.

கட்சிக் கொடியும் தொழிற்சங்கக் கொடியும் வேண்டாம். தலைவர்கள் வரட்டும், கொடியை வண்டியில் வைத்துவிட்டு எங்களோடு நடக்கட்டும். எந்த இனத்தவர் வீடு, எந்த மதத்தவர் வீடு என்ற கோஷமும் வேண்டாம். 2021இல் நம் துக்கத்தை எடுத்துத் தங்கள் இனவெறிக்கு எண்ணெய் ஊற்றியவர்களைக் கண்டோம். நம் பிள்ளைகள் சிங்களவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் வேலை செய்கிறார்கள். நம் மலையகத்திலிருந்தே படித்து மேலே போய், டவுனில் மாடிவீடு கட்டிக்கொண்டவர்கள் வீட்டிலும் தோட்டத்துப் பிள்ளை பாத்திரம் கழுவுகிறது. அதைச் சொல்லாமல் நடந்தால் அந்த நடையில் பாதிப் பொய் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொழும்புதான் பாவ பூமி, தோட்டம் சொர்க்கம் என்று நடக்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது. தாய் மத்திய கிழக்கில். தகப்பன் மாலையில் எந்த நிலையில் வருவான் என்று பிள்ளைக்குத் தெரியாது. கதவு ஒட்டாத வீட்டில், தெரிந்த மாமனாலும் பக்கத்து வீட்டுத் தாத்தாவாலும் கெட்டுப்போன பிள்ளைகளின் கதை ஒவ்வொரு ஆசிரியைக்கும் தெரியும். கெட்டுப்போன பிள்ளை என்று நான் எழுதியதே நம் வழக்கம், அந்தப் பேச்சை முதலில் விட வேண்டும். கெட்டது அவன். அப்படியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் "கொழும்பாவது பத்திரம்" என்று தரகர் சொல்லும்போது தாய் தலையாட்டுகிறாள். பையன்களும் இதில் உண்டு. கடைக்கும் பேக்கரிக்கும் போன பையன்களுக்கு இரவில் கடை மாடியில் என்ன நடந்தது என்று அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் ஆம்பளையா நீ என்பார்கள். தம்பிமாரே, உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், அது உங்கள் குற்றம் இல்லை என்று இந்தக் கடிதத்தில் எழுதிவைக்கிறேன்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் நடையில் இடம் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள். 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். அவ்வளவு பேருக்கும் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் எப்படி லயம் லயமாக ஏறி இறங்க முடியும்? தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் சிறுவர் குழு இயங்க வேண்டும், அதில் தாய்மார் இருக்க வேண்டும். சிறுவர், பெண்கள் முறைப்பாட்டை எடுக்கத் தமிழ் பேசுகிற பெண் பொலிஸ் இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் பாடசாலைக்கு வராத பிள்ளையின் பெயர் அதிபரிடமிருந்து பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை, இருப்பதை மலைக்கு ஏற்றினால் போதும்.

நடை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு கொழும்பில் நீங்கள் செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே எங்களுக்குக் கை நீளாது. ஒரு வீட்டில் பிள்ளை வேலைக்கிருப்பதைக் கண்டால் 1929க்கு எடுங்கள். வீட்டு இலக்கம், வீதி, பிள்ளை எந்த நேரம் வெளியே வருகிறது, எந்த ஊர் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள், பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். ஆள் பிடித்துத் தரச் சொல்லி முதலாளி கேட்டால், பதினெட்டு முடியாத பிள்ளையை வைத்தால் மாட்டுவது நீங்களும்தான் என்று சொல்லுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. பதினெட்டு முடிந்த யாராவது வேலை தேடினால், வீட்டு விலாசம் தாயின் கையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, சம்பளம் யார் பெயரில் போகிறது, போன் அவர் கையிலேயே இருக்குமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஜூலை 30 வேலை நாளாக இருந்தால் லீவு கேட்பது கஷ்டம், ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். தீபாவளிக்கு எடுக்கும் லீவில் ஒரு நாளை இதற்குக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலை ஹட்டனில் இறங்கலாம். டயகமவுக்குப் போக லொறியும் வானும் ஏற்பாடு செய்ய இங்கே மாதர் சங்கத்துத் தாய்மாரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோறும் தேத்தண்ணியும் வழியில் தோட்டங்கள் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். மழை பெய்யும் மாதம், குடையும் நல்ல செருப்பும் கொண்டுவாருங்கள்.

வரும்போது உங்கள் தோட்டத்திலிருந்து கொழும்பில் வேலை செய்யும் இன்னும் ஒருவரைக் கூட்டிவாருங்கள். புறப்படுவதற்கு முன் அம்மாவுக்குப் போன் போட்டு, நம் லயத்திலிருந்து போன எந்தப் பிள்ளை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அம்மா சொல்லும் பெயர்களையெல்லாம் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். எங்களிடம் தாருங்கள். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடத் தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியை
நுவரெலியா